பாடசாலை மாணாக்கரின் மனச்சோர்வும் அதனைத் தணிக்கும் நெறிகளும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே, ஒருவர் உண்ணாமலும் உறங்காமலும் எவரோடும் உரையாடாமலும் இருப்பாராயின், "அவருக்கு ஒரே யோசனை" என்று அயலார் கூறுவர். யோசனை என்னும் சொல் சிந்தித்தலைக் குறிப்பது. ஆயினும் இவ்வழக்கில் அது, ஒன்றையே எண்ணியெண்ணி அதனின்றும் மனம் மீளமாட்டாது கிடக்கும் நிலையைக் குறிக்கின்றது. 'விசர்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் கூசி விலகும் சமுதாயம் 'யோசனை' என்பதைக் கூசாமல் வழங்குகின்றது. துன்புறுவோர்க்கு இஃது ஒரு வகையில் நன்மையே. ஆனால், இச்சொல் பெரியோர்க்கே பெரிதும் உரியதாய் நிற்கின்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதே நிலையில் இருப்பின், அவனுக்குக் கிடைக்கும் பெயர்கள் வேறு. சோம்பேறி, படிப்பிற் கவனமில்லாதவன், குழப்படிகாரன் என்னும் பெயர்களால் அவன் சுட்டப்படுகின்றான். பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு உண்டென்பதை மருத்துவ உலகமே சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தெளிவாக ஏற்றுக்கொண்டது எனின், ஏனையோர் அதனை அறியாதிருந்தமை வியப்பன்று.

மனச்சோர்வு யாது?

துயரம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. அம்மம்மாவை இழந்த சிறுமி அழுதலும், பரீட்சையிற் புள்ளி குறைந்த மாணவன் வாடுதலும் இயல்பானவையே. நாட்கள் செல்ல அவை தாமே தணிந்துவிடும். மனச்சோர்விலோ துயரமும் ஆர்வமின்மையும், இவற்றுள் ஒன்றேனும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இரண்டு கிழமைகளுக்குக் குறையாமல் நீடிக்கும். அதனோடு உறக்கம் கெடுதல், பசி குறைதல் அல்லது மிகுதல், உடல் அயர்தல், கவனம் சிதறுதல், தன்னைப் பயனற்றவன் எனக் கருதுதல், சாவைப்பற்றி எண்ணுதல் ஆகியவற்றுட் பல சேர்ந்து நிற்கும். பெரியோரிடம் துயரமாய்த் தோன்றுவது பிள்ளைகளிடம் பலகாலும் எரிச்சலாகவும் கோபமாகவும் தோன்றும். இதனாலேயே சோர்ந்த பிள்ளை குழப்படிகாரப் பிள்ளையாகத் தோற்றமளிக்கின்றது.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. தன் மனநிலையைச் சொல்லாற் கூறும் ஆற்றல் பிள்ளைக்கு முற்றாக வாய்ப்பதில்லை. ஆதலின் உடல் பேசுகின்றது. காலையிற் பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் தலையிடி, வயிற்றுநோ, காரணமறியாக் களைப்பு ஆகியவை எழுகின்றன. பெருமூச்சு, நெஞ்சுநோ, உடம்பெல்லாம் நோ என மனத்துயரை உடலின்மேல் ஏற்றிக் கூறும் வழக்கம் யாழ்ப்பாணத்துப் பெரியோரிடமும் உள்ளதே. வைத்தியர் சோதித்து நோயொன்றும் இல்லையென்றபின்னும் வலி தொடருமாயின், "நடிக்கிறான்" என முடிவு கட்டுதல் தவறு. வலி மெய், அதன் ஊற்று வேறிடத்தில் உள்ளது.

மனநோய்களுட் பாதியளவு பதினான்கு வயதளவிலேயே தோன்றத் தொடங்குகின்றன என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்வயதிற் பிள்ளை தன் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் பாடசாலை. பெற்றோர் காணாத மாற்றத்தை ஆசிரியர் காணக்கூடும். ஒரே வயதினர் பலரை ஒருங்கே காண்பவராதலின், ஒப்பிட்டு அறியும் வாய்ப்பும் அவருக்குண்டு. ஆகவே, இந்நோயைத் தணிக்கும் முயற்சிக்குப் பாடசாலை பொருத்தமான களம் என்பதில் ஐயமில்லை. எவ்வகை முயற்சி பயன் தரும் என்பதே ஆராயவேண்டியது.

குடாநாட்டின் நிலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா தனிச்சிறப்புடையது. 1990-ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கின் மக்கள் தம் ஊர்களை விட்டகன்றனர். 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தது. பாடசாலைகள் தென்மராட்சியிலே மரநிழல்களிலும் பிற பாடசாலைகளின் மாலை வேளைகளிலும் இயங்கின. 2004-ஆம் ஆண்டு டிசெம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையோரத்தை அழித்தது. 2006-ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, குடாநாடு மீண்டும் தனித்தது. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றது.

இன்று வகுப்பறைகளில் இருக்கும் மாணாக்கருட் பெரும்பாலார் அதன்பின் பிறந்தவர். போரை அவர் கண்ணாற் கண்டிலர்; கண்டோரின் வீடுகளில் வளர்கின்றனர். வீட்டின் ஊடாகத் துன்பம் எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வடகிழக்கின் தமிழ்ப் பாடசாலை மாணாக்கர் 296 பேரிடம் செய்யப்பெற்று 2008-இல் வெளியான ஆய்வொன்றில், 19.6 வீதத்தினர், அஃதாவது ஐவருள் ஒருவர், கடும் மனச்சோர்வுக்கு உரிய குறிகளைக் கொண்டிருந்தனர். 30.4 வீதத்தினரிடம் மனவடுவுக்குப் பிற்பட்ட நெருக்கீட்டு நோய் காணப்பட்டது. அவ்வாய்வின் மற்றொரு முடிவு இதனினும் கருதத்தக்கது: தந்தையின் குடிப்பழக்கம் குடும்பத்தின் முந்திய போர் அனுபவத்தோடு தொடர்புற்றிருந்தது, அக்குடிப்பழக்கம் வீட்டிற் பிள்ளைமீது நிகழும் வன்முறையோடு தொடர்புற்றிருந்தது. போர் ஓய்ந்த பின்னும் வீட்டில் அதன் எதிரொலி ஓய்வதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

போரோடு தொடர்பற்ற காரணங்களும் உள. 1945-இல் வந்த இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்கும் உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது. கல்வியையே முதுசமாகக் கருதிய குடாநாட்டில், 1970-களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் அவ்வாயிலைக் குறுக்கிற்று. அதனாற் புள்ளிகளின்மேல் எழுந்த அச்சம் தலைமுறை கடந்தும் நீங்கவில்லை. தரம் ஐந்துப் புலமைப்பரிசிற் பரீட்சை வறிய பிள்ளைகளுக்கு உதவும் பொருட்டு ஏற்பட்டது. அதுவே பத்து வயதுப் பிள்ளையைக் குடும்பத்தின் மானத்துக்குப் பொறுப்பாளி ஆக்கும் பரீட்சையாக மாறிவிட்டது. விடியுமுன் ஒரு தனியார் கல்வி நிலையம், பகலிற் பாடசாலை, மாலையில் மற்றொரு நிலையம் என ஓடும் பிள்ளைக்கு விளையாடவும் உறங்கவும் பொழுதேது? இவற்றோடு பெற்றோருள் ஒருவர் வெளிநாட்டில் இருத்தல், 2020-இற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டமை, 2022-இன் பொருளாதார நெருக்கடி ஆகியனவும் கூட்டப்படவேண்டியன.

யாழ்ப்பாணத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள்

இத்துறையில் யாழ்ப்பாணம் கைகட்டி இருந்ததில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே மக்களின் உளப்பாதிப்பை ஆராய்ந்து, 1998-இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். அவரும் உளமருத்துவர் சா. சிவயோகனும் தமிழிலும் எழுதினர். 'மனவடு', 'உளவளத்துணை', 'உளசமூகம்' முதலிய சொற்கள் இன்று ஆசிரியர் வாயிலும் கிராம சேவையாளர் வாயிலும் இயல்பாக வழங்குவது இத்தகையோரின் உழைப்பாலேயாம். யாழ்ப்பாணத்தில் இயங்கிய சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணையாளரைப் பயிற்றிற்று. உளமருத்துவர் மிகச் சிலரே இருந்தமையால், ஆசிரியர், சுகாதார ஊழியர், சமூகத் தொண்டர் ஆகியோர்க்கு அடிப்படை அறிவையூட்டி அவர் வழியாக மக்களை அடைவதே இம்முயற்சிகளின் நெறியாக இருந்தது. ஆறுதல் தரும் பயிற்சிகளைப் பிறநாட்டிலிருந்து அப்படியே கொணராமல், சைவ மாணாக்கர்க்கு ஓம் என்னும் மந்திரத்தை மெல்ல உருவேற்றுதல், உடலைத் தளர்த்திக் கிடக்கும் சாந்தி ஆசனம், மூச்சைச் சீர்ப்படுத்தல் ஆகியவற்றையும், ஏனைய சமயத்தார்க்கு அவரவர் மரபிலுள்ள செபங்களையும் பயன்படுத்தியமை இந்நெறியின் மற்றொரு சிறப்பு.

இவ்வகைப் பயிற்சிகள் வெறும் ஆறுதலோ, உண்மைப் பயன் தருவனவோ என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு முகாம் ஒன்றில், நெருக்கீட்டு நோய்க்குறிகள் கொண்ட 31 பிள்ளைகள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நடந்தவற்றை வரிசையாக விவரிக்கும் சிகிச்சையும், மற்றைப் பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். உள்ளூரிற் பயிற்றப்பட்ட உளவளத்துணையாளரே ஆறு அமர்வுகளில் இவற்றை நடத்தினர். ஆறு மாதங்களின் பின் முற்பிரிவில் 81 வீதத்தினரும் பிற்பிரிவில் 71 வீதத்தினரும் நலமடைந்திருந்தனர். தொகை சிறிதாயினும், உள்ளூர் மக்களும் உள்ளூர் முறைகளும் பயன்படுவன என்பதை இது காட்டுகின்றது.

ஒரு பெரும் பரிசோதனையும் அதன் படிப்பினையும்

நோயுற்ற சிலர்க்குப் பயன்பட்டதை வகுப்பிலுள்ள பலர்க்கும் அளித்தால் என்னாகும்? இவ்வினாவுக்கு விடைகாணும் பரிசோதனை ஒன்று வட இலங்கையிற் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2012-இல் வெளியாயின. சிவயோகனும் அதன் ஆய்வாளருள் ஒருவர். 1,370 பிள்ளைகள் முதலில் வினாவப்பட்டனர். அவர்களுட் 399 பேர் தெரிந்தெடுக்கப்பட்டு, 199 பேர் உடனடியாகப் பயிற்சி பெற்றனர். 200 பேர் காத்திருப்போராக வைக்கப்பட்டனர். ஐந்து கிழமைகளிற் பதினைந்து அமர்வுகள் நடைபெற்றன. ஆட்டம், பாட்டு, சித்திரம், நடிப்பு ஆகியவற்றோடு எண்ணங்களைச் சீர்ப்படுத்தும் பயிற்சியும் அவற்றில் இடம்பெற்றது.

முடிவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. மனச்சோர்வு, பதகளிப்பு, நெருக்கீட்டு நோய் ஆகிய மூன்றிலும் இரு பிரிவினர்க்குமிடையே மொத்தத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஒழுங்கீன நடத்தை மட்டும், சிறப்பாக இளையவரிடம், பயிற்சியாற் குறைந்தது. ஆண்பிள்ளைகளுக்குப் பதகளிப்பும் நெருக்கீட்டு நோய்க்குறிகளும் ஓரளவு தணிந்தன. அன்றாட வாழ்வில் அப்போது போர்த்துன்பம் குறைந்திருந்த பிள்ளைகள் கூடிய பயன் பெற்றனர். பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகளிடமோ, நெருக்கீட்டு நோய்க்குறிகள் காத்திருந்த பெண்பிள்ளைகளிடம் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. இத்தகைய பயிற்சி சிலருக்கு உதவும். சிலரிடத்தில் இயல்பாக நிகழும் ஆறுதலைத் தடுக்கவும் கூடும் என ஆய்வாளர் ஒளிக்காது எழுதினர். ஆறிவரும் புண்ணின் பொருக்கைப் பெயர்த்துப் பார்த்தல் எல்லா வேளையும் நன்மை பயப்பதன்று.

பிறநாட்டு அனுபவமும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. ஐக்கிய இராச்சியத்திலே 11 முதல் 14 வயது வரையான எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரிடையே, தியானத்தை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி வகுப்பறைப் பாடமாகவே கற்பிக்கப்பட்டது. 2022-இல் வெளியான முடிவின்படி அது மனச்சோர்வைத் தடுக்கவில்லை. ஒரு நோயாளிக்கு மருந்தாவதை எல்லோர்க்கும் உணவாக்கலாம் என்னும் எண்ணத்துக்கு இவ்விரு பரிசோதனைகளும் இடந்தரவில்லை.

அங்ஙனமாயின் பாடசாலையாற் செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ? உண்டு என்பதைப் பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டம் காட்டிற்று. அங்கே 74 உயர்நிலைப் பாடசாலைகளில் நடைபெற்று 2018-இல் வெளியான ஆய்வில், மாணாக்கரின் மனத்தை நேரே திருத்த முயல்வதற்கு முன்னர், பாடசாலையின் சூழலைத் திருத்துவதே முதல் நோக்கமாகக் கொள்ளப்பட்டது. காலைக் கூட்டத்தில் மாதமொரு பொருள்பற்றிய உரை, மாணாக்கர் எழுதும் சுவர்ச் சஞ்சிகை, குறைகளைப் பெயரின்றி எழுதியிடும் பெட்டி, கேலியையும் துன்புறுத்தலையும் தடுக்கும் விதிகள், ஆசிரியரும் மாணாக்கரும் கூடியாராயும் குழுக்கள், வேண்டியவர்க்குத் தனித்து ஆலோசனை என்பன அம்முறையின் உறுப்புக்கள். ஒரு தொகுதிப் பாடசாலைகளில் இதற்கெனவே அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆலோசகர் இதனை நடத்தினர். மற்றொரு தொகுதியில் ஆசிரியரே நடத்தினர். ஆலோசகர் இருந்த பாடசாலைகளில் மனச்சோர்வும், துன்புறுத்தலும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய இடங்களில் அத்தகைய பயன் கிட்டவில்லை.

இம்முடிவு ஆசிரியரைக் குறைகூறுவதாகக் கொள்ளப்படலாகாது. பாடவேளைகளும் பரீட்சைத் தாள்களும் நிறைந்த ஒருவர்மேல் மற்றொரு சுமையை ஏற்றினால் இரண்டும் குன்றும். தண்டிக்கும் உரிமையுடைய ஒருவரிடம் பிள்ளை தன் அந்தரங்கத்தைக் கூறத் தயங்குவதும் இயல்பே. நேரமும் தனியறையும் நம்பிக்கையும் வாய்க்கப்பெற்ற ஒருவர் பாடசாலையில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள்.

பாடசாலையில் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சில நெறிகள் புலனாகின்றன.

முதலாவது, பாடசாலையே துன்பத்தின் காரணமாகாதிருத்தல். அடியாத மாடு படியாது என்னும் பழமொழியைக் காட்டிப் பிரம்பெடுக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. உடற்றண்டனையைக் கல்வி அமைச்சு 2005-இன் 17-ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் விலக்கியது. மாணவன் ஒருவனின் செவியைப் பழுதாக்கிய அடியைக் குறித்து, அது அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2021-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடியினும் ஆறாதது அவமானம். புள்ளிகளை உரக்க வாசித்தல், குடும்ப வறுமையைச் சுட்டுதல், உடன்பிறந்தாரோடு ஒப்பிடுதல், பட்டப்பெயர் சூட்டுதல் ஆகியன ஒரு செலவுமின்றி நாளையே நிறுத்தத்தக்கவை.

இரண்டாவது, வகுப்பாசிரியரின் கண். வரவுப் பதிவேடு ஓர் உளநலக் கருவியும் ஆகும். திங்கள்தோறும் வராத பிள்ளை, திடீரெனப் புள்ளி குறைந்த பிள்ளை, இடைவேளையில் தனித்து நிற்கும் பிள்ளை, விளையாட்டை விட்டொழிந்த பிள்ளை ஆகியோரைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். சத்தமின்றி ஒழுங்காக இருக்கும் பிள்ளையே சிலவேளை மிகவும் சோர்ந்த பிள்ளையாயிருக்கும். அத்தகையோரைத் தனியே அழைத்து, "என்ன பிள்ளை, கொஞ்ச நாளாய் முகம் வாடிக் கிடக்குது" என்று கேட்டு, அறிவுரை கூற விரையாமற் செவிமடுத்தலே முதலுதவி.

மூன்றாவது, இன்றைய துன்பத்தை முதலிற் கவனித்தல். பசியோடு வரும் பிள்ளைக்குக் காலையுணவும், சப்பாத்தில்லாத பிள்ளைக்குச் சப்பாத்தும், வீட்டில் அடிபடும் பிள்ளைக்குப் பாதுகாப்பும் முன்னர், மனப்பயிற்சி பின்னர். நிகழ்காலத் துன்பம் மிக்கிருந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி குறைவாகவே பயன்பட்டது என்னும் வட இலங்கை ஆய்வு இதனையே உணர்த்துகின்றது. பழைய மாணவர் சங்கங்களின் பொருளுதவி கட்டடங்களோடு இவ்விடத்தும் திரும்புதல் நன்று. பழைய நினைவுகளைப் பேச விரும்பும் பிள்ளைக்குச் செவி கொடுக்கலாம். விரும்பாத பிள்ளையை வகுப்பின்முன் பேசுவித்தல் தகாது.

நான்காவது, புள்ளியைத் தவிர வேறொன்றாலும் பிள்ளை மதிக்கப்படுதல். இல்ல விளையாட்டுப் போட்டி, வாணி விழா, நாடகம், பண்ணிசை, சாரணியம், தோட்டவேலை ஆகியவற்றைப் பரீட்சை வகுப்பு மாணாக்கரிடமிருந்து பறித்துவிடும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். கணிதத்திற் பின்னிற்கும் மாணவன் மிருதங்கத்தில் முன்னிற்கும் அரைமணி நேரமே அவனை நாளையும் பாடசாலைக்கு வரச்செய்வதாகலாம்.

ஐந்தாவது, எல்லை அறிந்து உரியவரிடம் அனுப்புதல். சோர்வு கிழமைக்கணக்கில் நீடிப்பினும், பிள்ளை சாவைப்பற்றிப் பேசினும் எழுதினும், பெற்றோருக்கு அறிவித்து மருத்துவரிடம் சேர்ப்பித்தல் கடமை. சாகும் எண்ணம் உண்டோ எனக் கேட்டல் அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்னும் அச்சம் அடிப்படையற்றது. அன்போடு கேட்டல் பிள்ளையின் சுமையைக் குறைக்கவே செய்யும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவச் சேவை உண்டு. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திற் தேசிய உளநல நிறுவனத்தின் உதவியும், 1929-இற் சிறுவர் பாதுகாப்புச் சேவையும் பெறலாம். இவ்விலக்கங்கள் அறிவித்தற் பலகையில் மாணாக்கர் கண்ணுக்கெட்டும் உயரத்தில் எழுதப்பட்டிருத்தல் நன்று.

இவ்வைந்தனுள் நான்காயினும் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. உளவளத்துணையாளருக்கு நேரமும் அறையும் ஒதுக்குதல் மட்டும் அதிபரினதும் கல்வித் திணைக்களத்தினதும் முடிவை வேண்டி நிற்பது. அவ்வாசிரியரை வராதவர்களின் பாடவேளைகளை நிரப்பும் பதிலாளராகப் பயன்படுத்தும் பாடசாலை, தன்னிடமுள்ள கருவியைத் தானே மழுங்கச் செய்கின்றது.

குடாநாட்டுப் பாடசாலைகள் மரநிழலிலும் நடந்தன. மண்ணெண்ணெய் விளக்கொளியிற் படித்த மாணாக்கரைப் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பின. அக்காலத்திற் பாடசாலை நாள்தோறும் நடந்தமையே பிள்ளைகளுக்கு ஒரு மருந்தாயிருந்தது. மணி அடித்தது, தேவாரம் ஓதப்பட்டது, பெயர் கூப்பிடப்பட்டது, வராத பிள்ளை எங்கே என ஒருவர் கேட்டார். கூரையும் மின்னொளியும் உள்ள இக்காலத்தில், பரீட்சை முடிவுகளின் பட்டியலிற் பெயர் வராத பிள்ளைகளைக் குறித்தும் அவ்வாறு கேட்கும் ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டும். அதற்கான ஒழுங்கைச் செய்தல் அதிபர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணாக்கர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.